மருந்துச் சீட்டில் வராத காரணங்கள்: டாக்டர் ஐடா ஸ்கடரின் வாழ்க்கை



பொறியியல் படித்தவன் ஒரு டாக்டரைப் பற்றி எதற்கு எழுதுகிறான் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. ஒரு வீட்டுக்கு வரைபடம் போடும்போது மண்ணின் தாங்குதிறனும் கம்பிக் கணக்கும் மட்டுமா முடிவு செய்கின்றன? வீட்டுக்காரர் கையில் இருக்கிற பணம், அக்னி மூலையில்தான் அடுப்பு வரவேண்டும் என்று நிற்கிற பாட்டி, பக்கத்து மனைக்காரரோடு உள்ள சுவர்த் தகராறு, ஆவணிக்குள் கிரகப்பிரவேசம் முடிந்தாக வேண்டும் என்கிற அவசரம், எல்லாம் சேர்ந்ததுதான் வரைபடம். இவற்றுக்கெல்லாம் பாடப்புத்தகத்தில் ஃபார்முலா கிடையாது. ஆனால் இவற்றைக் கேட்காமல் யாரும் ஒரு வீட்டைக் கட்டி முடித்ததில்லை.

வைத்தியமும் அப்படித்தான். என்ன நோய் என்பது பாதிக் கதை. நோயாளி ஆணா பெண்ணா, என்ன ஜாதி, என்ன மதம், எவ்வளவு தூரத்திலிருந்து வந்தார், கையில் எவ்வளவு இருக்கிறது, கூட வந்தவர் யார், சம்மதக் கையெழுத்துப் போடுகிறவர் யார் என்பதெல்லாம் மறுபாதி. டாக்டர் எழுதும் சீட்டில் இந்த மறுபாதி வராது. ஆனால் எந்த மருந்து, எந்த நேரம், எந்தக் கை என்பதைப் பல சமயம் அதுதான் முடிவு செய்கிறது.

பண்ருட்டிக்காரர்களுக்கு இது புதுச் சங்கதி இல்லை. நம்மூர் திருவதிகையோடு சேர்ந்த கதை ஒன்றைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லியிருக்கிறார். பக்கத்துத் திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார் சமணத்தில் சேர்ந்து தருமசேனர் என்ற பெயரோடு பாடலிபுத்திரத்தில், அதாவது நம் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம், இருந்தபோது சூலை நோய் வந்தது. அங்கிருந்தவர்கள் மந்திரித்த நீர் கொடுத்தார்கள், மயிற்பீலியால் தடவினார்கள், தீரவில்லை. அக்காள் திலகவதியாருக்கு ஆள் அனுப்பினார். சமணர் இருக்கும் இடத்துக்கு நான் வரமாட்டேன் என்று அக்காள் சொல்லிவிட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தம்பிதான் ராத்திரியோடு ராத்திரியாகத் திருவதிகைக்கு வரவேண்டியதாயிற்று. அங்கே அக்காள் கையால் திருநீறு வாங்கிப் பூசினார். பிறகு அவர் திருநாவுக்கரசர் ஆனது எல்லோருக்கும் தெரியும். பக்தியாகப் படிப்பவர் பக்தியாகப் படிக்கட்டும். நான் கவனிக்கச் சொல்வது ஒன்றுதான். என்ன மருந்து என்ற கேள்விக்கு முன்பே யார் கையால், யார் வாசலில் என்ற கேள்வி வந்து நிற்கிறது.

அந்தக் கேள்வி ஒரே ராத்திரியில் மூன்று உயிர்களைக் கொண்டுபோன சம்பவம் நம் பழைய தென்னாற்காடு மாவட்டத்திலேயே நடந்தது. அந்த ராத்திரிதான் ஒரு பெண்ணை டாக்டர் ஆக்கியது. அவர்தான் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர்.

ராணிப்பேட்டையில் பிறந்தவர்

ஐடா 1870 டிசம்பர் 9-ஆம் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தார். ஸ்கடர் குடும்பத்துக்கு மருத்துவ ஊழியம் பரம்பரைத் தொழில் மாதிரி. தாத்தா ஜான் ஸ்கடர் 1819-லேயே அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்தவர். பிறகு சென்னைப் பக்கம் வந்தார். அவர் பிள்ளைகள் பலர் இந்தியாவிலேயே மிஷன் வேலைக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவரான டாக்டர் ஜான் ஸ்கடர்தான் ஐடாவின் அப்பா. அம்மா பெயர் சோபியா.

ஐடா சின்னக் குழந்தையாக இருந்தபோதுதான் 1876–78 பெரும் பஞ்சம். தாது வருஷத்துப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் சொன்னது அதைத்தான். பசியால் எலும்பும் தோலுமாக வந்த குழந்தைகளை அவர் கண்ணால் பார்த்தார். அதற்குப்பின் குடும்பம் அமெரிக்கா போனது. நல்ல பள்ளி, தோழிகள், சௌகரியமான வாழ்க்கை. வளர்ந்த ஐடாவுக்கு இந்தியா என்றால் வெயில், தூசி, பஞ்சம்தான் ஞாபகம். குடும்பத்தில் எல்லோரும் மிஷனரி, நான் மட்டும் ஆகமாட்டேன் என்று தீர்மானமாக இருந்தார். கல்யாணம் செய்துகொண்டு அமெரிக்காவிலேயே இருந்துவிடுவது என்பதுதான் அவர் போட்ட திட்டம்.

1890-ல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வந்தது. பெற்றோர் அப்போது திண்டிவனத்தில் இருந்தார்கள். கொஞ்ச நாள் துணைக்கு இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தோடு இருபது வயதுகூட நிரம்பாத ஐடா கப்பலேறினார்.

இந்தத் திண்டிவனம் வேறு எங்கோ இருக்கிற ஊர் என்று நினைக்கவேண்டாம். இங்கிருந்து விழுப்புரம் வழியாகப் போனால் சுமார் 60 கிலோமீட்டர். 1993-ல் மாவட்டத்தைப் பிரிக்கும்வரை பண்ருட்டியும் திண்டிவனமும் ஒரே தென்னாற்காடுதான்.

திண்டிவனத்து ராத்திரி

வந்து சில ஆண்டுகளுக்குள், 1890-களின் தொடக்கத்தில், அது நடந்தது. பிற்காலத்தில் ஐடாவே பலமுறை சொன்ன கதை இது.

ஒரு ராத்திரி அவர் தனியாக உட்கார்ந்திருந்தபோது வாசலில் ஓர் இளைஞர் வந்து நின்றார். பிராமணர். இளம் மனைவி பிரசவ வேதனையில் கிடக்கிறாள், மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள், நீங்கள் வந்து காப்பாற்றவேண்டும் என்றார். எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாதான் டாக்டர், அவரை அழைத்துப்போங்கள், வேண்டுமானால் நானும் துணைக்கு வருகிறேன் என்றார் ஐடா. வந்தவர் ஒப்புக்கொள்ளவில்லை. அந்நிய ஆண் என் மனைவியைப் பார்ப்பது முடியாத காரியம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

கொஞ்ச நேரத்தில் இன்னொருவர். இவர் முஸ்லிம். அதே வேதனை, அதே வேண்டுகோள். அப்பாவே எழுந்துவந்து பேசிப் பார்த்தும் அதே பதில். அப்புறம் மூன்றாமவர், வேறொரு இந்து ஜாதிக்காரர். அவரும் ஒப்பவில்லை.

விடிந்ததும் தெருவில் சாவு மேளம் கேட்டது. ஆள் அனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களும் இறந்துவிட்டிருந்தார்கள்.

இந்தக் கதையை நாம் படிக்கும்போது மூன்று கணவர்களையும் திட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கொஞ்சம் நின்று பார்ப்போம். அந்த மூவரும் மனைவியின் மேல் அக்கறை இல்லாதவர்களா? அக்கறை இல்லாதவன் நள்ளிரவில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டமாட்டான். ஆனால் ஊர் என்ன சொல்லும், உறவு என்ன சொல்லும், நாளை அவளை வீட்டில் எப்படிப் பார்ப்பார்கள் என்ற பயம் அவர்கள் தோளில் உட்கார்ந்திருந்தது. அந்தக் கட்டை மீறுகிற தெம்பு ஒருவருக்கும் வரவில்லை. பிரசவ அறையில் கிடந்த பெண்ணை யாரும் கேட்கவும் இல்லை. அவள் சார்பில் முடிவு செய்தது வாசலில் நின்ற ஆண்.

டாக்டர் பக்கம் பாருங்கள். மூத்த ஸ்கடருக்கு நோய் தெரியும், வழி தெரியும், போகவும் தயார். அவர் கையைக் கட்டியது மருத்துவ அறிவில் இருந்த குறை இல்லை. கைத்திறன் இருந்த இடத்தில் அனுமதி இல்லை. அனுமதி இருந்த இடத்தில் கைத்திறன் இல்லை. இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேராததால் மூன்று உயிர் போனது.

ஐடா அதை அப்படித்தான் புரிந்துகொண்டார். அவர் அழுதுவிட்டு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியிருக்கலாம். இந்த ஊர் திருந்தாது என்று கட்டுரை எழுதியிருக்கலாம். மாறாக, பெண்ணைத்தான் உள்ளே விடுவார்கள் என்றால் உள்ளே போகிற பெண் டாக்டராக இருக்கட்டும் என்று முடிவு செய்தார். கல்யாணத் திட்டம் அதோடு போச்சு. கடைசிவரை அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

தடை நம்மூரில் மட்டும் இல்லை

படிக்க அமெரிக்கா போனவரை அங்கே எல்லாக் கதவும் திறந்து வரவேற்கவில்லை. பெண்கள் மருத்துவம் படிப்பதை அங்கேயும் பலர் விரும்பவில்லை. 1895-ல் பிலடெல்பியாவில் பெண்களுக்கென்றே இருந்த மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நியூயார்க்கின் கார்னெல் பல்கலைக்கழகம் 1898-ல் மருத்துவப் பிரிவைத் தொடங்கிப் பெண்களையும் சேர்த்தபோது அங்கே மாறி 1899-ல் பட்டம் பெற்றார். ஆக, நோயாளிப் பெண்ணுக்கு இங்கே ஒரு தடை, டாக்டராக நினைத்த பெண்ணுக்கு அங்கே ஒரு தடை. இரண்டுக்கும் மருத்துவத்துக்கும் சம்பந்தமில்லை.

நியாயத்துக்கு இதையும் சொல்லவேண்டும். நம் மாகாணம் இந்த விஷயத்தில் பின்தங்கிக் கிடக்கவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-லேயே பெண்களைச் சேர்த்தது. அங்கே படித்த மேரி ஷார்லீப் முயற்சியால் 1885-ல் சென்னையில் பெண்களுக்கென்று ஓர் ஆஸ்பத்திரி வந்தது. ஜாதி இந்துப் பெண்களுக்கும் கோஷா முறையில் இருக்கும் பெண்களுக்குமானது என்று அதன் பெயரிலேயே எழுதியிருந்தார்கள். நம் ஜனங்கள் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்லி வந்த அதுதான் பிறகு திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை ஆனது. நோயின் பெயரை ஆஸ்பத்திரிக்கு வைப்பதுண்டு, வள்ளலின் பெயரை வைப்பதுண்டு. மருத்துவம் அல்லாத ஒரு காரணத்தையே பெயர்ப் பலகையில் எழுதவேண்டியிருந்தது என்றால் அந்தக் காரணம் எவ்வளவு கனமானது என்று யோசியுங்கள். ஆனால் அது சென்னை. பட்டணத்தில் இருந்த வசதி திண்டிவனத்துக்கு எட்டவில்லை.

வேலூரில் ஒரு அறை

ஐடா புறப்படுவதற்கு முன் வேலூரில் பெண்கள் ஆஸ்பத்திரி கட்ட நிதி திரட்டினார். நியூயார்க் வங்கிக்காரர் ராபர்ட் ஷெல் இறந்துபோன தன் மனைவி மேரி டேபர் ஷெல் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். அந்தப் பணத்தோடும் தோழி ஆனி ஹான்காக்கோடும் 1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேலூர் வந்து சேர்ந்தார்.

அப்பாவிடம் சில வருஷம் கூடவே இருந்து தொழில் பழகலாம் என்றுதான் நினைத்திருந்தார். வந்த சில மாதங்களில், 1900 மே மாதம், அப்பா இறந்துவிட்டார். பட்டம் வாங்கி ஒரு வருஷம் ஆன டாக்டர், பெண், கேட்டுத் தெளிய மூத்தவர் இல்லை. பங்களாவில் ஒரு சின்ன அறைதான் ஆஸ்பத்திரி. உதவிக்குச் சமையற்காரர் மனைவி சலோமி. அந்த அம்மாளை வைத்துக்கொண்டுதான் ஆரம்ப காலச் சிகிச்சைகள்.

இந்த நிலையில் ஒரு டாக்டர் எப்படி முடிவெடுப்பார்? நினைத்துப் பாருங்கள். ஆபத்தான கேஸ் ஒன்று வருகிறது. தொட்டால் பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். பிழைக்காவிட்டால் நாளையிலிருந்து ஒருத்தரும் வரமாட்டார்கள். போதாக்குறைக்கு இது மிஷன் ஆஸ்பத்திரி, மதம் மாற்றிவிடுவார்களோ என்ற சந்தேகம் வேறு. மிஷனுக்கு மதப் பிரசாரமும் ஒரு நோக்கமாக இருந்தது உண்மைதான், அதை மறைக்க வேண்டியதில்லை. அப்படியானால் ஜனங்களின் தயக்கத்தையும் வெறும் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. நல்ல பெயர் என்பது டாக்டருக்கு ஒரு மூலதனம். மூலதனம் கரைந்துவிடுமோ என்ற பயத்தில் கஷ்டமான கேஸைக் கைகழுவுகிற டாக்டரை எந்தக் காலத்திலும் பார்க்கலாம். ஐடா கைகழுவவில்லை என்பதுதான் அவர் ஆஸ்பத்திரி நிலைத்ததன் ரகசியம்.

1902-ல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறந்தது. தொடக்க வருஷங்களில் அங்கே கத்தி பிடிக்கத் தெரிந்த டாக்டர் அவர் ஒருவர்தான். ஆண் டாக்டரிடம் போகமாட்டோம் என்ற பெண்கள் இங்கே வந்தார்கள். கணவனும் மாமியாரும் மறுப்புச் சொல்ல வழியில்லை. யாரையும் திட்டாமல், யார் வழக்கத்தையும் மாற்றச் சொல்லாமல், ஒரு தடை விலகியது.

வரமுடியாதவர்களுக்குச் சாலையோரம்

ஒரு தடை விலகினால் அடுத்தது தெரியும். டவுனில் ஆஸ்பத்திரி இருக்கிறது, டாக்டரும் பெண். இருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள் முற்றிப்போன நிலையில்தான் வந்தார்கள். ஏன்? வண்டிக்கு வழியில்லை. ஒருநாள் வந்தால் ஒருநாள் கூலி போச்சு. வீட்டில் ஆடு மாடு, சின்னக் குழந்தை. வலி பொறுக்கமுடியாமல் போகும்வரை பொறுத்துக்கொள்வதே வழக்கம்.

ஐடா தானே கிளம்பினார். வாரத்தில் ஒருநாள் குடியாத்தம் சாலையில் போய், மரத்தடியில் நிறுத்தி, அங்கேயே வைத்தியம். முதலில் மாட்டுவண்டி. பிறகு 1909 வாக்கில் பிரான்ஸ் நாட்டுப் பெஜோ கார் ஒன்று வந்தது. மாடும் குதிரையும் இல்லாமல் ஓடுகிற வண்டியைப் பார்த்து ஜனங்கள் மிரண்டு ஓடினார்களாம். நாளாவட்டத்தில் அதே வண்டிக்காகக் காத்து நிற்க ஆரம்பித்தார்கள். புண், கண் நோய், காய்ச்சல், தொழுநோய் என்று எல்லாமும் அந்த மரத்தடியில்தான்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வாரம் ஒருமுறைதான் பார்க்கமுடியும் என்றால் வைத்திய முறையே மாறவேண்டும். தினம் வந்து கட்டு மாற்று என்று சொல்லிப் பயனில்லை. வீட்டில் இருப்பவரே செய்யக்கூடிய அளவில் சொல்லவேண்டும். ஆஸ்பத்திரியில் சரியான சிகிச்சை என்பது ஒன்று, சாலையோரத்தில் சரியான சிகிச்சை என்பது வேறொன்று. நம் பாஷையில் சொன்னால், ஒரே பாரத்துக்கு ஆற்றுமணலில் ஒரு அஸ்திவாரம், களிமண்ணில் வேறு அஸ்திவாரம். களிமண்ணுக்கு ஏற்றபடி டிசைன் செய்கிறவனை யாரும் தரம் குறைந்தவன் என்று சொல்வதில்லை.

ஒரு ஆள் போதாது

எவ்வளவு ஓடினாலும் ஓர் ஆள் ஓர் ஆள்தான். 1909-ல் நர்ஸ் பயிற்சி தொடங்கியாயிற்று. அடுத்து, நம் பெண்களையே டாக்டர் ஆக்கவேண்டும் என்று ஐடா கேட்டபோது சென்னை அரசின் மருத்துவ அதிகாரிகளுக்கு நம்பிக்கையில்லை. விண்ணப்பம் போட மூன்று பெண்களாவது வருவார்களா என்பது அவர்கள் சந்தேகம். எதிர்பார்த்ததைவிடப் பலமடங்கு விண்ணப்பங்கள் வந்தன. 1918 ஆகஸ்ட் 12-ஆம் தேதி மருத்துவப் பள்ளி திறந்தது. அந்த முதல் வகுப்பு மாணவிகளில் 14 பேர் மாகாணத் தேர்வில் தேறினார்கள். அதே தேர்வில் ஆண்கள் பள்ளிகளின் தேர்ச்சி அவ்வளவு நன்றாக இல்லை என்பதால் சந்தேகப்பட்டவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

இந்தப் பெண்கள் சொந்த ஊர்களுக்கும் மற்ற ஊர்களுக்கும் வேலைக்குப் போனார்கள். திண்டிவனத்தில் அன்று சேராத இரண்டும், கைத்திறனும் அனுமதியும், இப்போது வருஷா வருஷம் ஒரே ஆளிடம் சேர்ந்து வெளியே வந்தன. இதைத்தான் அவர் வாழ்க்கையின் பெரிய காரியம் என்று நான் நினைக்கிறேன்.

ஆண்களுக்கும் கதவு திறந்தபோது

1930-களின் இறுதியில் சென்னை அரசு பழைய எல்.எம்.பி. படிப்பை நிறுத்திவிட்டு எம்.பி.பி.எஸ். மட்டுமே இனி என்று முடிவு செய்தது. வேலூர்ப் பள்ளி கல்லூரியாக உயரவேண்டும், அல்லது மூடவேண்டும். உயர்வதற்குப் படுக்கைகள் அதிகம் வேண்டும், மேற்பட்டம் பெற்ற பேராசிரியர்கள் வேண்டும், ஏராளமான பணம் வேண்டும். பெண்களுக்கு மட்டும் என்று நின்றால் பணம் போதாது. ஆண்களையும் சேர்த்துப் பல திருச்சபைகள் கூட்டாக நடத்துவதென்றால் வழி உண்டு.

ஐடாவுக்கு அது சுலபமான முடிவாக இருந்திருக்காது. பெண்களுக்கென்றே தொடங்கிய இடம். பல வருஷம் அமெரிக்காவில் நிதி திரட்டித் தந்த லூசி பீபாடி அம்மையார் ஆண்களைச் சேர்ப்பதைக் கடுமையாக எதிர்த்தார். பணம் கொடுத்தவர் ஒரு நோக்கத்துக்காகக் கொடுத்தார், அதை மாற்றலாமா என்ற கேள்வியில் நியாயம் இருந்தது. கடைசியில் ஐடா கூட்டுக் கல்லூரியின் பக்கம் நின்றார். எழுபது வயதைத் தாண்டியும் அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய்ப் பேசினார், பணம் சேர்த்தார். 1942-ல் எம்.பி.பி.எஸ். தொடங்கியது. 1947-ல் முதன்முதலாக ஆண் மாணவர்கள் சேர்ந்தார்கள்.

ஆண் டாக்டர் கூடாது என்று மூன்று வீடுகள் சொன்னதால் பிறந்த நிறுவனம் ஆண்களையும் டாக்டர் ஆக்கத் தொடங்கியது. இதைத் தோல்வி என்றோ சமரசம் என்றோ நான் சொல்லமாட்டேன். 1890-களில் எது தடையோ அதற்கேற்ற வழியை அன்று செய்தார். 1940-களில் தடை வேறாகிவிட்டது, வழியும் வேறானது. அவர் பிடித்துக்கொண்டது நோயாளிக்குச் சிகிச்சை போய்ச் சேரவேண்டும் என்ற ஒன்றைத்தான்.

1946-ல் ஓய்வு பெற்றார். பிறகு இயக்குநர் பொறுப்புக்கு வந்தவர்களில் ஒருவர் டாக்டர் ஹில்டா லாசரஸ், ஓர் இந்தியப் பெண். ஐடா கொடைக்கானலில் வாழ்ந்து 1960 மே மாதம், 89 வயதில் மறைந்தார். சின்ன அறையில் தொடங்கிய அந்த ஆஸ்பத்திரி நாட்டின் மிகப் பெரிய மருத்துவமனைகளில் ஒன்றானது. இன்றும் நம் பக்கத்தில் பெரிய வியாதி என்றால் ஒன்று புதுச்சேரி ஜிப்மர், இல்லாவிட்டால் வேலூர் என்று சொல்கிறோம் அல்லவா?

நமக்கு என்ன?

திண்டிவனத்து ராத்திரி பழங்கதை, இன்றைக்கு அதெல்லாம் ஏது என்று கேட்கலாம். முகம் மாறியிருக்கிறது, ஆள் போகவில்லை.

சுகப்பிரசவத்துக்குக் காத்திருக்கலாம் என்று டாக்டர் நினைத்தாலும் நட்சத்திரம் பார்த்து நாழிகை குறித்த சீட்டோடு வந்து நிற்கிற குடும்பம் உண்டு. சாதாரண ஜலதோஷத்துக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது என்று டாக்டருக்கு நன்றாகத் தெரியும். ஊசி போடாவிட்டால் இவர் என்ன டாக்டர் என்று அடுத்த தெருவுக்குப் போய்விடுவோம் என்பதும் அவருக்குத் தெரியும். நம்மூரில் முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்களின் விரல்கள் ஓட்டு எண்ணெய் பட்டுப் பொத்துப்போகின்றன. பதினைந்து நாள் அந்த வேலையைத் தொடாதே என்பதுதான் சரியான வைத்தியம். சீசனில் அதை எழுதிக்கொடுத்து என்ன பயன்?

டாக்டருக்கும் பயம் உண்டு. 1995-ல் உச்ச நீதிமன்றம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மருத்துவ சேவைக்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. நோயாளிக்கு அது பெரிய பாதுகாப்பு. அதே சமயம், நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால் என்ன செய்வது என்று இன்னொரு ஸ்கேன் எழுதத் தோன்றுவதும் மனித சுபாவம்தான். காப்பீட்டு அட்டையில் எது அடங்கும், எது அடங்காது என்பதும் சிகிச்சையை ஒரு பக்கம் சாய்க்கிறது. இன்றைக்கும் எத்தனை வீட்டில் பெண்ணின் ஆபரேஷனைப் பற்றி டாக்டர் கணவனைப் பார்த்தே பேசுகிறார், கவனித்திருக்கிறீர்களா?

இதற்கு நான் கண்ட மருந்து ஒன்றுதான். சொல்லிவிடுவது. நாம் சொல்லாவிட்டால் டாக்டர் ஊகிப்பார். சட்டையையும் செருப்பையும் பேச்சையும் பார்த்து, இவரால் இவ்வளவுதான் முடியும், அல்லது இவரால் எவ்வளவும் முடியும் என்று கணக்குப் போடுவார். அந்தக் கணக்கு தப்பினால் நஷ்டம் நமக்கு. ஆகவே பெற்றோரை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது தயங்காமல் சொல்லுங்கள்: இவ்வளவு பணம்தான் புரட்ட முடியும், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, வாரம் மூன்று தடவை இத்தனை மைல் பஸ்ஸில் வரமுடியாது, அம்மா பெண் டாக்டரிடம்தான் காட்டுவேன் என்கிறார். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நல்ல டாக்டர் இதைக் கேட்டுக் கோபப்படமாட்டார், வேறு வழி உண்டா என்று யோசிப்பார். அப்புறம் முக்கியமாக, படுத்திருப்பவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவருடைய உடம்பு அது.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் பாலம் கட்டுவீர்கள், மென்பொருள் எழுதுவீர்கள், குடிதண்ணீர்த் திட்டம் போடுவீர்கள். வரைபடத்துக்கு வெளியே நிற்கிற காரணங்கள் வந்து உங்கள் கணக்கைக் கலைக்கும். அப்போது இந்த ஜனங்களுக்கு ஒன்றும் புரியாது என்று சலித்துக்கொள்வது சுலபம். ஐடா ஸ்கடர் அந்த மூன்று வீட்டுக்காரர்களைப் பார்த்து அப்படிச் சலித்துக்கொள்ளவில்லை. அவர்கள் எந்த வாசல் வழியாக விடுவார்கள் என்று பார்த்து, அந்த வாசலுக்குள் போகக்கூடிய ஆளாகத் தன்னை ஆக்கிக்கொண்டார். பிறகு தன்னைப் போன்ற நூற்றுக்கணக்கானவர்களையும் ஆக்கினார்.

அந்த மூன்று பெண்களின் பெயர் வரலாற்றில் இல்லை. அவர்கள் நம் மாவட்டத்துப் பெண்கள். அதற்காகவாவது வருஷத்துக்கு ஒருமுறை கூடுகிற நாம் அவர்களை நினைத்துக்கொள்ள வேண்டும்.